பத்துக்கு மூன்று

பணியாளர் செய்திமடலின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் முறை. இந்தக் கடிதமே நலத்தைப் பற்றியது என்பதால் அதை ஒரு வரியில் முடிக்காமல் விளக்கமாகவே எழுதுகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் விரிவுரையாளரின் தாய் நான். கணவரை இழந்தவள், வயது எழுபத்து மூன்று, கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். ஆகவே என் கையெழுத்தைப் படிக்க நீங்கள் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்காது.

சென்ற இதழில் ‘நன்றி சொல்லுங்கள்’ என்று ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறீர்கள். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே, அதே இதழின் நான்காம் பக்கத்தில் “பாதாளத்திலிருந்து மீண்ட விரிவுரையாளர்” என்று, பெயர் போடாமல், என் மகளின் நலமதிப்பெண்களை வைத்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறீர்களே, அந்தப் பாதாளத்தைத் தோண்டியவள் நான் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவுசெய்ய மறுஆய்வுக் குழு அடுத்த வெள்ளிக்கிழமை கூடுகிறது. மனம் தளர்ந்தவள் என்று எண்ணி என் மகளை முதல் ஆளாக அனுப்பிவிடக் கூடாது.

நடந்தது இதுதான். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அவளுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. பத்து மணிக்கு வந்தது, நிலவியல் துறை தேவைதானா என்று ஆராய்கிறோம் என்றது. பத்தேகாலுக்கு வந்தது, உங்கள் மனநலத்தில் எங்களுக்கு அக்கறை உண்டு, ஆழமாக மூச்சு விடுங்கள் என்றது. அன்றிலிருந்து தினமும் ஒரு படிவம்: நேற்றைய உறக்கம் பத்துக்கு எத்தனை, பசி எத்தனை, நம்பிக்கை எத்தனை? அவளோ துறை ஏன் இருக்க வேண்டும் என்று நாற்பது பக்க அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். முடித்ததும் இருபதாகச் சுருக்கச் சொன்னார்கள். சுருக்கியதும், விவரம் போதவில்லையே என்றார்கள். கல் மாதிரிகள் வைத்திருந்த அறையை வேறு யாருக்கோ ஒதுக்கிவிட்டதால் முப்பத்தோரு பெட்டிக் கற்கள் என் விருந்தினர் அறைக்குக் குடிவந்துவிட்டன. அவை விருந்தாளிகளைவிட ஒழுங்காக இருக்கின்றன என்பது வேறு விஷயம். இதற்கு நடுவில் படிவத்தை நிரப்பாவிட்டால் ஒரு நினைவூட்டல், அதைத் திறக்காவிட்டால் அதற்கொரு நினைவூட்டல்.

“அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், நீயே ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு அனுப்பிடேன்.”

“ஏதாவதுன்னா? நான் பார்த்துத்தான் போடுவேன்.”

“எப்படியோ போடு, என்னை விடு.”

எப்படியோ போடுகிறவள் நான் இல்லை. எங்கள் பள்ளியில் கணக்குகள் அத்தனையும் சரியாக இருந்தால் ஆறு கொடுப்பார்கள். மீதி நான்கும் எங்களுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்கப் பிடித்துவைக்கப்படும். எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். காலையில் அவள் போர்வை சுருண்டு கிடந்த லட்சணத்தைப் பார்த்து உறக்கத்துக்கு மூன்று. தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்த்துப் பசிக்கு இரண்டு. நம்பிக்கையை எதைக் கொண்டு அளப்பது? அவள் படியேறி வரும் சத்தத்தைக் கொண்டு அளந்தேன். பெரும்பாலும் மூன்று. ஒருநாள் விசிலடித்துக்கொண்டே ஏறினாள்; சந்தோஷப்பட்டு நான்கு போட்டுவிட்டு, படியில் விசிலடித்ததற்காக அரையைக் குறைத்தேன். படிவம் அரையை ஏற்கவில்லை. மூன்றே போட்டேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டிலும் எழுதிவைத்தேன்.

மூன்றாவது வாரம் உங்கள் பணியாளர் நலப் பிரிவின் ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார். குரல் பஞ்சுபோல இருந்தது.

“அம்மா, உங்க மக வீட்ல தனியாவா இருக்காங்க?”

“தனியா எப்படி? நான்தான் கூடவே இருக்கேனே.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதான். கண்ணை எடுக்கறதில்லை.”

எதிர்முனையில் பேனா எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. “சரிங்கம்மா,” என்றார், “நாளைக்கே வந்துடறேன்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சொன்னபடி நான்கு மணிக்கு வந்தார். நான்கு என்றால் நான்கு. அதற்கே என்னிடம் ஐந்து வாங்கிவிட்டார். கல் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், “வேலைக்காக இல்லாம கடைசியா எப்ப ஒரு கல்லைக் கையில எடுத்துப் பார்த்தீங்க?” என்று கேட்டார். என் மகள் பக்கத்துப் பெட்டியைத் திறந்தாள். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஆலோசகர் செவ்வாய்தோறும் வருகிறார். அடுத்த வாரமே அவளை ஆறு குழுக்களிலிருந்து விடுவித்தார். அதில் ஒன்று பணியாளர் நலக் குழு. அதிலிருந்து விலகியதும் அவள் நலம் கண்ணுக்குத் தெரிய முன்னேறியது. ஒரு செவ்வாய்க்கிழமை துறைத்தலைவர் ஒரு பூந்தொட்டியோடு வந்து, “தைரியமா இருக்கச் சொல்லுங்கம்மா” என்று தொடங்கி, தன் பெயரும் மறுஆய்வுப் பட்டியலில் இருப்பதைச் சொல்லித் தானே அழ ஆரம்பித்துவிட்டார். “மூக்கைத் துடைச்சுக்கிட்டு அப்புறம் பேசுங்க சார்” என்று கைக்குட்டை கொடுத்தேன். இப்போது அவரும் செவ்வாய்க்கிழமை தவறுவதில்லை. என் கணவர் மறைந்தபோதுகூட இந்த வீட்டுக்கு இத்தனை விசாரிப்பு வந்ததில்லை. அவள் உறங்குகிறாள், சாப்பிடுகிறாள், மாலையில் நடந்துவிட்டு வருகிறாள். போன வாரம் ஐந்து போட்டேன். ‘மெல்ல எழுகிறது’ என்கிறது உங்கள் வரைபடம். என் கையால் ஐந்து என்றால் கொடிகட்டிப் பறக்கிறாள் என்று அர்த்தம்.

ஆகவே, அந்த மூன்றுகளும் இரண்டுகளும் என் பேனாவின் கறார்தானே தவிர என் மகளின் நிலை அல்ல. கை தாராளமான யாராவது போட்டிருந்தால் ஏழு, எட்டு வந்திருக்கும். அவள் நன்றாகத்தான் இருந்தாள், இருக்கிறாள். ஆலோசகர் தம் செவ்வாய்க்கிழமைகளை உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கட்டும். தவறாக வந்த உதவிதான். ஆனாலும் முழு மனதோடு நன்றி சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் வரும் இதழில் இதை ஒரு வரி விடாமல் வெளியிடுங்கள்.

தங்களுக்கும், தங்கள் குடும்பத்தாருக்கும், தங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாமலிருக்கவும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
விரிவுரையாளரின் தாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். கடிதத்தைப் படித்தாள். என் நோட்டையும் கேட்டு வாங்கி, ஒரு கல் பெட்டியின் மேல் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“அம்மா, முதல் மூணு வாரம் பூரா மூணு மூணா போட்டிருக்கியே. அவ்வளவு நல்லாவா இருந்தேன்?”

“நீயா இருந்தா என்ன போட்டிருப்பே?”

“ஒண்ணு. அதுகூட, பக்கத்து ரூம்ல நீ இருமுற சத்தம் கேக்குதேன்னுதான்.”

கை தாராளம் என்று இந்த வயதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. எனவே மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். நன்றியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை எப்படி முடிந்தாலும் ஆலோசகர் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வரட்டும். மதிப்பெண்களில் ஒரு திருத்தம்: முதல் மூன்று வாரங்களுக்கும், ஒவ்வொரு நாளிலும், இரண்டு குறைத்துக்கொள்ளவும்.