குசினிப் பக்கத்துக்கு வந்த கள்ளர்

அன்று காலை ஒரு முடிவோடுதான் கணினியைத் திறந்தேன். என் இணையத்தளத்தில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தரிக்காய்க் குழம்பு இருக்க வேண்டும்.

'கரவெட்டி முழக்கம்' என்று பெயர் வைத்து, ஊர் அநியாயங்களைக் கிழித்து எழுதுகிறவன் நான். மனைவி அற்புதராணி கேட்டாளே என்று, மூலையில் 'குசினி' என்றொரு சமையல் பக்கம் கொடுத்தேன். முழக்கம் ஒருவர் காதிலும் விழவில்லை. குசினியில் சனம் நெரிந்தது. பொறுத்தேன். அன்று பின்னேரம் இலண்டனில் எங்கள் ஊர்க்காரர் கூடி, தளத்தைப் பெரிய திரையில் போடப்போகிறார்களாம். 'அக்காவின்ரை ஒடியல் கூழைக் கட்டாயம் காட்டவேணும்' என்று எனக்கே செய்தி அனுப்பியிருந்தார்கள்.

இரத்தம் கொதித்தது. குசினியை அழிக்கப் போனேன். ஆத்திரத்தில் எது குசினி, எது முழக்கம் என்று பார்க்கவில்லை. அகப்பட்டதையெல்லாம் அழித்தேன். தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது.

பயப்படவில்லை. என்னிடம் 'பக்கப்' என்று எடுத்துவைத்த நகல் இருந்தது. ஏற்றினேன். 'தரவுத்தளத்தைக் காணவில்லை' என்றது. திரும்ப ஏற்றினேன். திரும்பவும் அதையே சொன்னது. கதிரையை உதைத்தேன். கால்தான் நொந்தது. தளத்தைப் பராமரிக்கிற கோபிசங்கருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் கோப்புகளை மட்டும்தான் எடுத்து வச்சிருக்கிறியள். எழுத்தெல்லாம் தரவுத்தளத்திலை. அதை எடுக்கேல்லை."

"அப்ப என்னட்டைக் கிடக்கிறது என்ன?"

"சட்டி பானை கிடக்கு. கறி இல்லை."

இவனுக்கும் சமையல்தான் வாயில் வருகிறது. போனை எறியாத குறையாக வைத்துவிட்டு நிமிர்ந்தால், அற்புதராணி மாவுக் கையோடு நிற்கிறாள்.

"என்னப்பா, சைற் வேலை செய்யேல்லையாம். முன்வீட்டு ஸ்ரெல்லா சொல்லுறா."

"ஹக் பண்ணி அழிச்சுப்போட்டாங்கள்."

"ஆர்?"

"வெளிநாட்டுக் கள்ளர். நான் என்ன, ஆளைக் கண்டனானே?"

"குசினியையுமோ?"

"குசினிக்குத்தான் முதல் வந்தவங்கள்."

அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எழும்புங்கோ" என்றாள். எழும்பினேன். தன் கைப்பையிலிருந்து ஒரு பென்ட்ரைவை எடுத்துச் செருகினாள்.

"உது என்ன?"

"தரவுத்தளம். என்ரை சமையல் குறிப்பு துலைஞ்சிடக் கூடாதெண்டு கிழமைக்கொருக்கா எடுத்து வைக்கிறனான். உங்கடை கட்டுரையளும் அதுக்குள்ளைதான் கிடக்கும், பாவம்."

கோபிசங்கரோடு போனில் கதைத்துக் கதைத்து ஏற்றினாள். எழுத்துகள் வாசிக்க முடியாமல் வெறும் பெட்டி பெட்டியாக வந்தன. திருத்தினாள். படங்கள் வரவில்லை. அதையும் திருத்தினாள். ஒடியல் கூழ் ஆவி பறக்கத் திரையில் எழுந்து வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கோபிசங்கர் பாத்துச் சொன்னவன்," என்றாள் நிதானமாக. "அழிச்ச ஆள் உங்கடை பேரிலைதான் உள்ளுக்கு வந்திருக்கிறாராம்."

நான் கூழ்ப் படத்தைப் பார்ப்பதுபோலத் திரைப்பக்கம் குனிந்தேன்.

"உங்கடை பாஸ்வேட்டைக் கள்ளர் எடுத்திட்டாங்கள் போலை. அதுதான் மாத்திவிட்டனான்."

"நல்லது. புதுசு என்ன?"

"உங்களுக்குச் சொன்னால் கள்ளருக்கும் போயிடுமெல்லே?"

வாயைத் திறந்தேன். அந்தக் கள்ளன் நான்தான் என்று ஒப்புக்கொள்ளாமல் மேற்கொண்டு ஒரு சொல்லும் கேட்க முடியாது. மூடிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் அநியாயங்களைக் கிழித்துத் தலையங்கம் எழுதி, அற்புதராணி கறியை இறக்கிவிட்டு வந்து அதை ஏற்றும்வரை, எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நிற்கிறேன்.