இருந்தாலும் தரகர்

எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு சொல்லை வைத்துப் பிழைத்தவர் 'இருந்தாலும்' தரகர் ஒருவர்தான். மாட்டுத் தரகர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அருப்புக்கோட்டைச் சந்தையில் மாட்டைச் சுற்றி வருவார். பல்லைப் பார்ப்பார். "லட்சணமான மாடுதான். இருந்தாலும்..." என்று இழுத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. விற்க வந்தவர் வேர்த்துப்போய், "பின்னங்கால லேசாத் தாங்கி நடக்கும் அண்ணாச்சி, உத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்று தானாகவே கக்கிவிடுவார். விலை இறங்கிவிடும்.

அவர் என் அப்பாவின் சிநேகிதர். எனக்கு மாமா. "ஏன் மாமா, 'ஆனா'ன்னு சொன்னா ஆகாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆனான்னா சண்டைக்கு வருவான் மாப்ள. இருந்தாலும்னா, முன்னால சொன்ன நல்லது அப்படியே நிக்கும். அது பக்கத்துல ஒரு சந்தேகத்தையும் உக்கார வச்சிரலாம்."

ஒருதடவை டாக்டர், மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். "சந்தோசம். இருந்தாலும்..." என்றார் மாமா. டாக்டர் பயந்துபோய் இன்னொரு ஊசி போட்டார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் எனக்குப் பெண் பார்க்க அப்பா பந்தல்குடிக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸிலேயே, "மாமா, அங்க அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினேன்.

"நான் என்ன கூறுகெட்டவனா?" என்றார்.

பெண் வந்து காபி கொடுத்தாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. அவள் உள்ளே போனதும் அவள் அப்பா மாமாவிடம், "அண்ணாச்சி என்ன சொல்றீக?" என்றார்.

"பிள்ளை மகாலட்சுமியாட்டம் இருக்கு. இருந்தாலும்..."

பழக்கதோஷம். வானத்தைத் தேடி உத்தரத்தைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவுக்கு வேர்த்தது. "சின்ன வயசுல வேப்ப மரத்துல இருந்து விழுந்தா. இப்பத் தழும்புகூடத் தெரியாது" என்று ஆரம்பித்தார். என் கல்யாணம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அப்பா, நீங்க சும்மா இருங்க. இருந்தாலும்னு நிறுத்திட்டாகளே, மிச்சத்தையும் அவுகளையே சொல்லச் சொல்லுங்க."

சந்தையில் எவரும் இதைக் கேட்டதில்லை. அந்தப் பேச்சுக்கு மிச்சம் என்று ஒன்றை மாமா தன் வாழ்நாளில் தயார் செய்ததும் இல்லை. முழி பிதுங்க மூக்கைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார்.

"இருந்தாலும்... நம்ம பயலுக்கு இது கொஞ்சம் அதிகந்தான்."

உள்ளே சிரிப்புச் சத்தம். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

அதன்பிறகு சந்தை நாளெல்லாம் மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவர் குழம்பை வாயில் வைத்ததும் என் மனைவி கரண்டியோடு எதிரே வந்து நிற்பாள். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வார். அவர் வரத் தாமதமான நாட்களில் அவள் எனக்குக்கூட இலை போட்டதில்லை.