அனுமதியின்றி அனுமதித்தவள்

மனித குல முன்னேற்றத்தில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகக் குறிக்கப்பட வேண்டியது, நாமக்கல் பக்கத்துக் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்த மென்பொருள் 'மேம்பாடு'. நிகழ்த்தியவர் மேலாளர் மோகன்குமார். மறுநாள் அதை அனுபவிக்கும் பேறு, குஞ்சுகளை ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கும் தனப்பிரியாவுக்குக் கிடைத்தது.

காலை ஆறு மணிக்குக் கணினியைத் திறந்தாள். 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்றது திரை. மற்ற மூன்று கணினிகளும் அதையே சொல்லின. அந்த அலுவலகத்தில் நாலு பேருக்கு ஒரே கருத்து இருந்தது அதுவே முதல்முறை.

வெளியே வேனில் எண்பது பெட்டிகள், பெட்டிக்கு நூறு குஞ்சுகள். வெயில் ஏறுமுன் ஆத்தூர்ப் பண்ணைக்குப் போய்ச் சேர வேண்டும். கணினி கேட் பாஸ் கொடுக்காமல் வேன் நகராது.

"கையால எழுதிக் குடுத்துரட்டுங்களா சார்?"

மோகன்குமார் அடிபட்டவர்போல் பார்த்தார். "கையாலயா? நாம டிஜிட்டல் ஆயிட்டோம் தனப்பிரியா! எல்லாரும் மீட்டிங்குக்கு வாங்க."

ஏழு மணிக்கு 'இணைப்பின்மை ஆய்வுக் குழு' பிறந்தது. நீல கேபிள்கள்மீது சந்தேகம் எழுந்தது. உடனே மஞ்சள் கேபிள்கள் போடப்பட்டன. இணைப்பு வரவில்லை, ஆனால் அறை பளிச்சென்று ஆகிவிட்டதைக் குழு பாராட்டிப் பதிவு செய்தது. பிறகு மோகன்குமார் மென்பொருள் நிறுவனத்தை ஸ்பீக்கரில் அழைத்தார்.

"புகாரை சாஃப்ட்வேருக்குள்ள போய்ப் பதிவு பண்ணுங்க சார்," என்றது ஒரு குரல்.

"உள்ள போக முடியலைங்கறதுதாங்க புகாரே."

"அப்படின்னா அதையும் சேர்த்துப் பதிவு பண்ணிருங்க சார்."

ஒன்பதரைக்கு வேன் டிரைவர் செல்லமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, வண்டி ஓடினாத்தான் உள்ள காத்து. பெட்டியில இருக்கறது ஃபைல் இல்லீங்க, உசுரு."

"அஜெண்டாவுல அஞ்சாவதா வருதுங்க," என்றார் மோகன்குமார். "இப்பத்தான் ரெண்டுல இருக்கோம்."

தனப்பிரியா எழுந்து வெளியே போனாள். ஒரு பெட்டியைத் திறந்தாள். குஞ்சுகள் அலகைப் பிளந்து மூச்சு வாங்கின. ஒன்றைக் கையில் எடுத்தாள். தலை துவண்டு அவள் விரல்மேல் சாய்ந்தது.

"அம்மிணி, எதாச்சும் பண்ணு சாமி," என்றார் செல்லமுத்து.

அவள் யோசித்தாள். நாலு கணினியும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? பக்கத்து அறைப் பிரிண்டர், அதே நெட்வொர்க் வழியாகக் காலையிலிருந்து ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியானால் கோளாறு இந்தப் பக்கம் இல்லை, சர்வரில்.

'மேலாளர் அனுமதியின்றி நுழையக் கூடாது' என்ற பலகையைத் தாண்டி சர்வர் அறைக்குள் போனாள். மின்சாரச் சிக்கனத்துக்காக மேலாளர் அணைத்து வைத்திருந்த திரையைப் போட்டாள். அயலார் நுழையாமல் காக்கும் ஃபயர்வால், புதுப்பித்த மென்பொருளை அயலார் என்றே நினைத்து நிறுத்தி வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரே ஒரு கேள்வியோடு காத்திருந்தது: 'இதை அனுமதிக்கலாமா?'

கேள்வியை யாருமே பார்க்கவில்லை.

அனுமதித்தாள். அடுத்த நிமிடம் நாலு கணினிகளும் திறந்தன. பாஸோடு வேன் புறப்பட்டபோது மணி பத்தே முக்கால்.

பாராட்டுகள் குவிந்தன. 'ஆய்வுக் குழுவின் அயராத உழைப்பால் ஐந்தே மணி நேரத்தில் இணைப்பு மீண்டது' என்று மோகன்குமார் முதலாளிக்கு அறிக்கை அனுப்பினார். முதலாளி கந்தப்பன் சால்வையோடு வந்து மோகன்குமாருக்குப் போர்த்திவிட்டுப் போனார். தனப்பிரியாவுக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியின்றி உள்ளே நுழைந்து, அனுமதியின்றி 'அனுமதி' அளித்த குற்றம்.

மாலையில் செல்லமுத்து போன் செய்தார். "முந்நூத்திப் பன்னண்டு போயிருச்சு அம்மிணி."

தனப்பிரியா போனை வைத்தாள். பிறகு புதிய மென்பொருளில் இறப்புப் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பதிந்தாள். காரணம் கேட்டது. பட்டியலில் நோய் இருந்தது, வெப்பம் இருந்தது, போக்குவரத்து இருந்தது. கடைசியில் 'பிற' இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். 'விவரம் தருக' என்றது.

"மீட்டிங்" என்று எழுதினாள்.

மேம்பட்ட மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.