பல்லுக்கு விசா வரட்டும்

வாசகரே, உலகத்தில் கத்தி, கத்தரிக்கோல், குறடு, போத்தல் திறப்பான் என்று எதையுமே யாரும் கண்டுபிடிக்காததுபோல, எல்லா வேலைக்கும் வாயைத் திறந்து பல்லை நீட்டும் ஓர் இனம் உண்டு. அந்த இனத்தின் கொழும்பு வெள்ளவத்தைக் கிளைக்குத் தலைவர் தில்லைநாதன். ஓய்வுபெற்ற கிளாக்கர், மூன்று வருடமாகக் கனடா விசாவுக்குக் காத்திருப்பவர்.

தலைவர் காலையில் பல் விளக்கினால், யாரோ அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் நினைப்பார். புதுப் பிரஷ் ஒரு கிழமையில் இரண்டு பக்கமும் சாய்ந்து படுத்துவிடும். முரசில், அதாவது பல் ஈறில், இரத்தம் கண்டால்தான் அவருக்குத் திருப்தி. பிறகு கல்லாய் இறுகிய பனங்கட்டியைக் கடவாயில் வைத்து உடைத்துப் பிளேன்ரீ. பால்மாப் பைக்கற்றைக் கிழிக்கப் பல், வயர் சீவப் பல், நண்டுக்கால் நொறுக்கப் பல், நண்டு இடுக்கில் சிக்கினால் கிண்டியெடுக்க மனைவி பாலேஸ்வரியின் காப்பில் தொங்கும் சேப்டிபின். இராணுவச் சோதனைச்சாவடியில் இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் அடையாள அட்டையை எங்கே வைப்பது? அதற்கும் பல்தான். அந்த அட்டையில் இப்போது அவருடைய முகத்தைவிடப் பல்லடையாளம் தெளிவு.

நோகாதா என்கிறீர்களா? நோகும். கிராம்பை வைத்து அடக்கிவிடுவார்.

"அலவி டொக்டர் இந்தா, ஹெவ்லொக் டவுனிலைதானே இருக்கிறார். ஒருக்காக் காட்டுங்கோவன்" என்பார் பாலேஸ்வரி.

"இண்டைக்கோ நாளைக்கோ விசா வந்திடும். அங்கை போனால் எல்லாம் சும்மா செய்வாங்கள். இஞ்சை ஏன் வீணாக் காசு?"

வீட்டுக்கு ஒருவர் விசாவுக்குக் காத்திருந்த அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எல்லாமே அப்படித்தான். மூக்குக்கண்ணாடி மாற்றுவதும் கனடாவில், நல்ல கட்டிலில் படுப்பதும் கனடாவில். பல் மட்டும் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை.

விசா வந்தேவிட்டது. அடுத்த மாதம் ரொறன்ரோவில் ஒரே மகனுக்குக் கலியாணம். அந்தச் சந்தோஷத்தில் ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். திறப்பான் மேசை லாச்சிக்குள் இருந்தது. லாச்சி இரண்டடி தூரம். பல் அதைவிடக் கிட்ட. மூடி அப்படியே இருக்க, முன்பல்லில் பாதி மடியில் விழுந்தது.

தலைவர் அசரவில்லை. மகனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, முன்பல்லு ஒண்டு உடைஞ்சு போச்சு. வந்தவுடனை அங்கை கட்டுவம், என்ன?"

"என்னப்பா கதைக்கிறீங்கள்? இஞ்சை பல்லுக்குத்தான் ஒண்டும் சும்மா இல்லை. நானே சூத்தைப்பல்லு ரெண்டை வைச்சுக்கொண்டிருக்கிறன், கொழும்புக்கு வரேக்கை பிடுங்கலாம் எண்டு."

தகப்பனின் இரத்தம் எங்கே போகும்?

அலவி டொக்டர் வாயைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முரசெல்லாம் பழுதாப் போச்சு. முன்னுக்கு ஆறு பல்லைக் கழட்டணும். புண் ஆறிப் புதுப்பல்லுக் கட்ட மூணு மாசம் போகும்."

கலியாணமோ அடுத்த மாதம். ஆறு பல்லும் போன வாயோடுதான் தலைவர் விமானம் ஏறினார். கலியாண வீடியோ பிறகு கொழும்புக்கு வந்தது. நாலு மணித்தியாலமும் தில்லைநாதன் உதட்டைத் தைத்துவிட்டதுபோல் இருக்கிறார். மகன் தாலி கட்டுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள், தகப்பன் மட்டும் இறுகிப்போய் நிற்கிறார். "மாப்பிள்ளையின்ரை தேப்பனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கேல்லைப் போலை" என்று பெண்வீட்டுக் கிழவர் ஒருவர் சொல்வதும் அதில் பதிவாகியிருக்கிறது. பெற்ற ஒரே பிள்ளையின் கலியாணம்; மனம் நிறைந்துதான் நின்றார், பாவம். ஒருமுறை சிரித்திருந்தால் அந்தப் பேச்சு அத்தோடு அடங்கியிருக்கும். அதற்குத்தான் பல் வேண்டுமே.

நீங்கள் அந்த இனமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் பிடித்திருக்கும் இந்தப் பக்கத்தின் கீழ்மூலையைக் கொஞ்சம் பாருங்கள். காணவில்லையா? வேறெங்கும் தேடவேண்டாம். இப்போதுதான் கிழித்து, சுருட்டி, கடவாய்ப்பல் இடுக்கில் விட்டுக் கிண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.