எதிர் வீட்டு பாய்லர்

ஜனவரி மூன்றாம் தேதி நான் ஒரு சபதம் எடுத்தேன். வசந்தம் வரும்வரை எதிர் வீட்டு பாய்லருக்காக ஒரு மெக்கானிக்கையும் கூப்பிடுவதில்லை. குடியை விடுகிறேன், சுருட்டை விடுகிறேன் என்று வருஷா வருஷம் நான் எடுக்கிற சபதமெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதில்லை. இது பத்து நாள் தாங்கியது. தாங்காமலே போயிருக்கலாம்.

எதிர்ச்சாரியில், மூன்றாவது மாடியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. வாடகைக்கு விட்டிருக்கிறோம். 'எங்களுக்கு' என்பது வாய்ப்பழக்கம். பத்திரத்தில் இருப்பது என் மனைவி எல்சியின் பெயர். வரிக்குப் பயந்து எங்கள் ஊர் டண்டீயில் பாதிப் புருஷன்மார் செய்கிற காரியம்தான். சொத்து அவள் பேரில், அதிகாரம் என் வாயில். இதில் ஓட்டை எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

அங்கே குடியிருப்பவள் கிர்ஸ்டி. பேக்கரியில் வேலை. கூட இருந்தவன் கோடையிலேயே கம்பி நீட்டிவிட்டான். டிசம்பரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஏழு வாரம் முன்கூட்டியே. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

புது வருஷத்தன்று நான்தான் அவள் வீட்டில் முதல் காலடி வைத்தேன். உயரமான, கறுத்த முடிக்காரன் ஒருவன் கரித்துண்டோடு முதலில் வந்தால் வருஷம் பூராவும் அந்த வீட்டில் கணப்பு குறையாது என்பது எங்கள் ஊர் ஐதீகம். நான் உயரம். முடி விஷயத்தை அவள் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

மறுநாள், வீடு முழுக்கச் சூடேற்றுகிற பாய்லர் மண்டையைப் போட்டது.

"மிஸ்டர் ரென்னி, பாய்லர் நின்னுபோச்சு. வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு."

"ஒரு ஸ்வெட்டர் எடுத்து மாட்டிக்கம்மா."

"ரெண்டு போட்டிருக்கேன்."

"அப்ப மூணு."

அவள் விடாமல் சொன்னாள்: "பதினாலாம் தேதி குழந்தைய வீட்டுக்கு அனுப்பறதா இருக்காங்க. அதுக்கு முந்தின நாள் நர்ஸ் வந்து பாப்பாங்க. வீடு சூடா இல்லேன்னா அனுப்ப மாட்டாங்க. சட்டப்படி நீங்கதான் உடனே சரி பண்ணித் தரணும்."

"சட்டமா? ரொம்ப நல்லது. அப்ப சட்டப்படியே போவோம். எழுத்துல குடு."

சட்டம் பேசுகிறவர்கள் பேனாவைத் தொடமாட்டார்கள். முப்பது வருஷ அனுபவம்.

பாய்லர் மெக்கானிக்குக்கு அவளே போன் பண்ணி வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். பொல்லாத பெண். நான் அவனைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரன் பேசறேன், வரவேண்டாம்" என்று கத்தரித்துவிட்டேன். ஜனவரியில் அவன் ராஜா. ஏப்ரலில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். குழந்தைக்கு என்ன அவசரம்? ஆஸ்பத்திரி சூடாகத்தானே இருக்கிறது? இப்படித்தான் யோசித்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் இப்படித்தான் யோசித்தேன்.

எல்சி அந்த வாரம் சாம்பல் நிறக் கம்பளி நூலில் எதையோ பின்ன ஆரம்பித்தாள்.

"யாருக்கு இது?"

"குளிர்ல இருக்கப்போறவங்களுக்கு."

"கிர்ஸ்டி குழந்தைக்கா? இவ்ளோ பெரிசா?"

"வளருமில்ல? அந்தக் கையக் கொஞ்சம் நீட்டு டங்கன், அளவு பாத்துக்கறேன்."

நீட்டினேன்.

பின்னறையையும் ஒழித்துக் கழுவினாள். அவள் அக்கா வரப்போகிறாள்போலிருக்கிறது என்று பயந்துபோய் நான் எதுவும் கேட்கவில்லை.

நர்ஸ் வரும் நாள் நெருங்கியது. வீடு சூடாக இல்லை என்று அந்த அம்மாள் எழுதிவிட்டால் நகரசபைக்காரன் வந்து நிற்பான். ராத்திரியெல்லாம் மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டேன். நர்ஸ் என்ன செய்வாள்? சுவரில் பதித்த ஹீட்டரைக் கையால் தொட்டுப் பார்ப்பாள். கைக்குச் சூடு தெரிந்தால் போதும். அந்தச் சூடு பாய்லரிலிருந்துதான் வரவேண்டும் என்று எவன் சொன்னான்?

"எல்சி, முதுகு வலி உயிர் போகுது. வெந்நீர்ப் பை எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"ஆறு வேணும்."

"முதுகு ஒண்ணுதான இருக்கு?"

"வலி பரவலா இருக்கு."

ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கி ஐந்து பை வாங்கிவந்தாள். ஒவ்வொன்றுக்கும் கம்பளி உறை வேறு. இருபத்தாறு வருஷத்தில் அவள் நான் சொன்னதை ஒரே ஒரு கேள்வியோடு விட்டுவிட்டுச் செய்தது அன்றைக்குத்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் தேதி காலையில் கிர்ஸ்டி ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பார்த்துவிட்டு, என்னிடமிருந்த சாவியைப் போட்டு உள்ளே போனேன். அறையைச் சூடாக்க இரவல் வாங்கிய இரண்டு மின்சார ஹீட்டர், ஒரு பெரிய கெட்டில், ஆறு பை.

மூச்சு விட்டால் புகை வந்தது. ஜன்னலின் உள்பக்கம் பனி பிடித்திருந்தது. படுக்கையறை மூலையில் குழந்தைக் கட்டில். மேலே குட்டிக் கம்பளி, விரித்துத் தயாராக. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெப்பமானி, அதன் பக்கத்தில் பென்சிலால் தினம் ஒரு எண், கடைசி ஐந்து நாளில்: 11, 9, 8, 8, 7. கணப்பை எப்போதோ அடைத்துப் பூசியாகிவிட்டது. அதன் மாடத்தில் என் கரித்துண்டு, தூசு தட்டி, கோயில் பிரசாதம் மாதிரி பத்திரமாக இருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு கெட்டிலைப் போட்டேன்.

பத்து மணிக்கு மின்சார ஹீட்டர்களை அலமாரிக்குள் ஒளித்தேன். பைகளைச் சுவர் ஹீட்டர்களின் பின்னால் செருகினேன். கதவு தட்டும் சத்தம். நர்ஸ், பின்னால் கிர்ஸ்டி, அவளுக்கும் பின்னால் எல்சி.

"நீ எங்க வந்த?" என்றேன்.

"உன் முதுகு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

நர்ஸ் சுவர் ஹீட்டரைத் தொட்டாள். "பரவாயில்லையே, நல்லா சூடா இருக்கே" என்றாள். கிர்ஸ்டி ஓடிவந்து இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள். அப்படியே நின்றாள்.

"சரி பண்ணிட்டீங்களா மிஸ்டர் ரென்னி? எனக்குச் சொல்லவே இல்லியே! நாளைக்கு அவளக் கூட்டிட்டு வரலாமா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில். நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அந்தத் தலையாட்டல்தான்.

எல்சி ஹீட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். சிவப்பு உறை போட்ட பை ஒன்று வெளியே வந்தது.

"டங்கன், உன் முதுகு இங்க இருக்கு."

அடுத்த ஹீட்டருக்குப் போனாள். "இதோ இன்னொரு முதுகு."

ஆறையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். கிர்ஸ்டி ஹீட்டரிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் பார்த்தது பென்சில் எண்களை.

நர்ஸின் குரல் மாறிவிட்டது. "இந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான்" என்றேன், வீரமாக.

"இவரில்லம்மா. நான்" என்றாள் எல்சி. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

எழுத்தில் கொடு என்று சொன்னேனா? கிர்ஸ்டி கொடுத்திருக்கிறாள். சட்டப்படி யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நகரசபையின் வீட்டுக்காரர் பதிவேட்டைப் பார்த்திருக்கிறாள். அதில் இருந்த பெயருக்குத் தபாலில் போட்டுவிட்டாள். திருமதி எல்சி ரென்னி. ஐந்தாம் தேதியே வந்துவிட்டதாம்.

"வந்த அன்னிக்கே பாய்லர்காரனுக்குப் போன் பண்ணேன்" என்றாள் எல்சி நர்ஸிடம். "'நேத்துதான் உங்க வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டாரே, அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, ஊரே உறைஞ்சு கிடக்கு, இனிமே இருபத்தஞ்சாம் தேதிதான்'னான். ஊர்ல இருக்கற அத்தன மெக்கானிக்கையும் கேட்டுட்டேன். ஒருத்தனும் ஒழியல."

"அப்ப குழந்தைய அனுப்ப முடியாது" என்றாள் நர்ஸ்.

"எதிர் வீட்டுக்கு அனுப்பலாமில்ல? எங்க வீடு. பின்னறை தயாரா இருக்கு. வந்து தொட்டுப் பாருங்க, எல்லாம் நிஜச் சூடு. தாயும் பிள்ளையும் எங்களோட இருக்கட்டும்."

அக்கா வரவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். அதுவும் நிலைக்கவில்லை.

"இங்க ஒரு ஆள் இருக்கணும்" என்றாள் எல்சி. "வேற யாராவது அவங்க முறைய வேண்டாம்னு சொன்னா பாய்லர்காரன் முன்னாடியே வருவான். காலைல எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறுக்குள்ள எப்ப வேணா. கதவு தட்டி ஆள் இல்லேன்னா போயிடுவான். அப்புறம் பிப்ரவரிதான்."

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"பகல்ல இருக்கேன். ராத்திரி வீட்டுக்கு வந்துடறேன்."

"நீ விடற குறட்டைல பெரியவங்களுக்கே உசிரு போயிடும். அது அஞ்சு ராத்தல் குழந்த."

மின்சார ஹீட்டர்களும் ஐந்து வெந்நீர்ப் பைகளும் இரவல். சாயங்காலமே அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின; எங்கள் பை எங்கள் வீட்டுக்கு. எல்சி நல்ல பெண்மணி, இரவல் பொருளை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டாள்.

போகும்போது கிர்ஸ்டி வாசலில் நின்றாள். "ஒம்பது மணிக்கு மேல அந்த ஜன்னல்ல கொஞ்சம் வெயில் வரும். நாற்காலிய அங்க போட்டுக்குங்க" என்றாள். கிண்டல் இல்லை. நான் அந்தக் குளிரில் இருக்கப் போகிறேனே என்று நிஜமாகவே சொன்னாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நாலு நாள் இருந்தேன். ஊரை ஒட்டி ஓடும் டே நதியின் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. கால் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. வேறு வேலை இல்லாததால் சுவரில் பென்சில் எண்களை நானே தொடர்ந்தேன்: 7, 6, 6, 5. நாலு மணிக்கு இருட்டும்போது எதிர் ஜன்னலில் விளக்கு எரியும். எல்சியின் தோளில் ஒரு கைப்பிடி அளவு குழந்தை. ஃப்ளோரா என்று பெயராம். நான் பக்கத்திலிருந்த காலிக் கட்டிலைப் பார்ப்பேன், சுவரில் 5 என்ற எண்ணைப் பார்ப்பேன். என் பித்தலாட்டம் பலித்திருந்தால் அந்தக் குழந்தை இந்த அறையில் கிடந்திருக்கும். எத்தனை நாள் கிடந்திருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பிப்பேன், பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஐந்தாம் நாள் மானத்தை விட்டுப் போன் பண்ணினேன்.

"எல்சி, வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. தப்புதான், ஒத்துக்கறேன். ஏதாவது பண்ணு தாயே. நீதான வீட்டுக்காரி? சட்டப்படி நீதான் உடனே..."

"எழுத்துல குடு."

எழுதினேன். விறைத்த கையால் எழுதி, தெருவைக் கடந்து, என் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் நானே போட்டுவிட்டு வந்தேன். உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. நல்ல, தெம்பான சிணுங்கல்.

மத்தியானம் கிர்ஸ்டி ஒரு பொட்டலத்தோடு மாடி ஏறி வந்தாள். "அவங்க குடுக்கச் சொன்னாங்க" என்று கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். மெத்தென்று இருந்தது. அவள் பேக்கரியில் மாட்டுக்கறி வைத்து மடித்துச் சுடுகிற பிரிடியாகத்தான் இருக்கும், சூடாக நாலு. எச்சில் ஊறியது. அவசரமாகப் பிரித்தேன்.

சாம்பல் நிற ஸ்வெட்டர். கை நீளம் அச்சு அசலாக என்னுடையது.

ஜன்னலுக்கு ஓடினேன். எதிரே எல்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்துத் தயாராக நின்றாள். என் போன் அடித்தது, எடுத்தேன்.

"எல்சி! ஏற்கெனவே ரெண்டு போட்டிருக்கேன்!"

"அப்ப மூணு."