ஒன்பதாம் நம்பர் சட்டைக்குப் பாராட்டு விழா

"எம் புருசன் உள்ள குந்திகினு இட்லி துன்னுகினு கீறாரு. அதுக்குள்ள வாசல்ல மாலையோட ரெண்டு பேர் வந்து நிக்கிறான். இன்னா அசோகா இது?"

பொன்மணி கையிலிருந்த கரண்டியால் தெருமுனையைக் காட்டினாள். அசோகன் திரும்பிப் பார்த்தான்.

பத்தடி உயர ஃப்ளெக்ஸ். நடுவில் பொன்மணியின் புருஷன் முருகையன் படம், அதைச் சுற்றி ரோஜா மாலை, இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே கொட்டை எழுத்தில், 'எங்களைவிட்டுச் செல்லும் ஒன்பதாம் நம்பர் சிங்கமே!' கீழே 'அலைமுரசு கால்பந்துக் குழு, நொச்சிக்குப்பம்' என்று போட்டு வரிசையாகப் பத்துப் பேர் மூஞ்சி. ஒருத்தன் முகத்திலாவது சிரிப்பு இருக்க வேண்டுமே, கிடையாது.

"ஐயோ அண்ணி, இது சாயங்காலம் பாராட்டு விழாவுக்குப் போட்டது. ஃப்ளெக்ஸ்காரன் பழைய டிசைன்ல படத்தை மட்டும் மாத்திட்டான். சத்தியமா சொல்றேன், அண்ணன் எங்கியும் போவல!"

"மத்தியானத்துக்குள்ள இதை மாத்தல, அந்த மாலை உன் கழுத்துக்குத்தான்."

பாவம் அசோகன். குழுவின் செயலாளர் அவன்தான். முருகையனை இன்றைக்கு வழியனுப்பியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

முருகையனுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்தைந்து வருஷமாக முன்வரிசையில் அவர்தான். ஒரு காலத்தில் அவர் காலைத் தூக்கினாலே எதிர் கோல்கீப்பர் நகர்ந்து வழிவிடுவான். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது பந்து அவரிடம் வந்து, நின்று, நலம் விசாரித்துவிட்டு எதிராளியிடம் போய்விடுகிறது. போன சீசனில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் சொந்த வலையில்.

இருபத்திரண்டு வயது கபாலியோ மின்னல். ஆனால் வெளியே உட்கார்ந்து தண்ணி பாட்டிலுக்குக் காவல் இருக்கிறான். வேளச்சேரி டீம்காரன் அவனைக் கூப்பிட்டுவிட்டான். "வர்ற ஞாயித்துக்கெளம என்னை எறக்கு. இல்லாங்காட்டி நானும் நாலு பேரும் வேளச்சேரி" என்று கபாலி கறாராகச் சொல்லிவிட்டான். ஐந்து பேர் போனால் அப்புறம் குழு ஏது?

சரி, முருகையனிடம் 'போதும்ணா' என்று யார் சொல்வது? போன மாதம் சொல்லப் போன கோல்கீப்பர் லாரன்ஸ், சொல்லாமலே அழுதுவிட்டு, அவர் வீட்டிலேயே மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினான். அசோகனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் கூடவே இருந்தவர் முருகையன். அவர் முகத்தைப் பார்த்து அசோகனுக்கு மட்டும் வாய் வருமா?

அதனால்தான் பாராட்டு விழா. நம் ஊரில் ஒருத்தருக்குப் பொன்னாடை போர்த்தினால் 'ஐயா, நீங்க கிளம்பலாம்' என்று அர்த்தம். எல்லா ஆபீஸிலும் அப்படித்தானே நடக்கிறது?

புது ஃப்ளெக்ஸுக்கு நேரமில்லை. லாரன்ஸ் ஏணி போட்டு ஏறி, குத்துவிளக்குகள்மேல் கால்பந்து படம் ஒட்டினான். 'எங்களைவிட்டுச் செல்லும்' மேல் வெள்ளைத்தாள் ஒட்டினான்.

கபாலி கீழிருந்து படித்தான். "'ஒன்பதாம் நம்பர் சிங்கமே!' அவ்ளோதானா? இன்னா மச்சி, போறாருன்னு எங்கியுமே இல்லியே! இன்னும் பத்து வருசம் ஆடுவாருன்னுல்ல கீது!"

"சட்டை இருக்குடா" என்றான் அசோகன். "அவரோட ஒன்பதாம் நம்பரைக் கண்ணாடி ஃப்ரேம்ல போட்டுக் குடுக்கறோம். சட்டை செவுத்துல மாட்டினப்புறம் எதைப் போட்டுகினு ஆடுவாரு?"

அதோடு விடுகிறவனா அவன்? மயிலாப்பூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் சுந்தரராமனை மேடைப் படியிலேயே மடக்கினான்.

"சார், என்ன வேணா பேசுங்க. 'ஓய்வு'ங்கற வார்த்தை மட்டும் கண்டிப்பா வரணும்."

"பேஷா! ஒரு தடவை என்ன, நாலு தடவை சொல்றேன்."

கடற்கரை மணலில் மேடை, நாற்காலிகள், குப்பமே திரண்டிருந்தது. முருகையன் வேட்டி சட்டையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். சுந்தரராமன் மைக்கைப் பிடித்தார்.

"இவருக்கு ஓய்வா? ஓய்வுங்கற வார்த்தையே இவர் அகராதில கிடையாது! ஓய்வு யாருக்கு? ஆத்துல ஈஸிசேர்ல சாஞ்சுண்டு பேப்பர் படிக்கற என்னை மாதிரி ஆசாமிக்கு! இந்தச் சிங்கத்துக்கு எதுக்கு ஓய்வு?"

நாலு தடவை. சொன்ன சொல் தவறாத மனுஷன். கூட்டம் விசில் அடித்தது. கபாலி செல்போனை எடுத்து வேளச்சேரி நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

அசோகன் விடவில்லை. பாய்ந்து போய் மைக்கைப் பிடுங்கி, சட்டை ஃப்ரேமை முருகையன் கையில் திணித்தான். "அண்ணன் இல்லாம இந்த டீம் எப்படி இருக்கும்னு நெனச்சாலே..." என்று ஆரம்பித்தவனுக்கு அந்தப் பதினோரு நாளும் ஞாபகம் வந்துவிட்டது. மிச்சத்தைச் சொல்ல முடியாமல் தேம்பித் தேம்பி அழுதான். பார்த்த லாரன்ஸும் அழுதான். முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் முந்தானையை எடுத்தார்கள்.

முருகையன் எழுந்து மைக் முன்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அழுகிற அசோகனைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். நாலாகக் கிழித்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"அழுவாதடா அசோகா. ஐம்பது வயசு வரிக்கும் நான்தான் ஃபார்வர்டு. இந்தச் சட்டை ஃப்ரேம்லயே இருக்கட்டும், எனக்குப் பத்தாம் நம்பர் குடு!"

பத்தாம் நம்பர் கபாலிக்காக வாங்கி வைத்தது. பட்டாசு வெடித்தது. முருகையனைத் தோளில் தூக்கிக்கொண்டு குப்பமே ஆடியது.

அசோகன் மேடைக்குப் பின்னால் மணலில் பொத்தென்று உட்கார்ந்தான். பொன்மணி விறுவிறுவென்று வந்து தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"மூணு வருசமா முட்டி வலின்னு தெனம் தைலம் தேச்சி வுட்டுகினு கீறேன், 'நான் நின்னுட்டா பசங்க மனசு ஒடிஞ்சிபூடும்'னு பயந்து ஆடிகினு இருந்த மனுசன், இன்னிக்குத்தான் 'என்னை வுட்டுடுங்கப்பா'ன்னு கேக்க தெகிரியமா எழுதி எடுத்துகினு வந்தாரு, அதுக்குள்ள உன்னை யார்ரா அழுவச் சொன்னது?"