ஒரு நாளைக்கு மூணு பாராட்டு

வாங்க கண்ணுகளா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. பாராட்டப் போய்ச் சண்டையில் மாட்டிக்கொண்ட ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அந்த வீட்டம்மா பஸ் கண்டக்டர். "ஒரு வீட்டுப்பாடம்கூட எனக்கு வரல. நான் எதுக்குமே லாயக்கில்ல. திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்று ஒன்பதாவது படிக்கும் மகள் போர்வைக்குள் புகுந்துகொண்டதும் அவர் செல்போனைத் தேடி எடுத்தார். டீச்சருக்குப் போன் போட்டார்.

"பாராட்டுங்கம்மா. தினமும் மூணு தடவை."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா டீச்சர், பின்னாடியா?"

"உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே பழகிய தொண்டை அது. மறுநாள் காலையில் பாராட்டும் அப்படித்தான் வந்தது.

"அடேயப்பா! என்ன அழகா பல் தேய்க்கிற!"

மகள் நுரையை விழுங்கிவிட்டாள். "என்னம்மா, கிண்டலா?" பிறகு ஏதோ நினைவு வந்தவளாய், "உன் குரல்கூட... கணீர்னு நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள்.

"என்னடி, காசு ஏதாவது வேணுமா?"

படாரென்று கதவு சாத்திக்கொண்டது.

துணைக்குப் புருஷனை இழுத்துவிட்டார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பேச்சு அளந்துதான் வரும். மகள் வெளியே வந்ததும் சுவரைப் பார்த்து, "என்னமா வரைஞ்சிருக்கா எம்பொண்ணு!" என்றார்.

"அது காலண்டர்ப்பா." மகள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ரிப்பேர் பண்ணின ஃப்ரிட்ஜ்ல சத்தமே வராதுப்பா."

"ஏன், யாராவது குறை சொன்னாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சேர்ந்து, அவள் தண்ணீர் குடிக்கும் அழகைப் புகழ்ந்தார்கள். டம்ளரை வைத்துவிட்டாள்.

"மறைக்காம சொல்லுங்க. எனக்கு ஏதாவது பெரிய வியாதியா?"

"வியாதியும் இல்ல, வெங்காயமும் இல்ல! ஈரத்துண்டைக் கட்டில்ல போடற சோம்பேறி!" என்று கத்திவிட்டார் அம்மா.

"பாத்தியா, இதுதான் உன் மனசுல இருக்கு!" மறுபடியும் கதவு.

கண்டக்டரம்மா கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பாராட்ட வரலடி. ஆனா ஒண்ணு. போன வாரம் நம்ம பஸ்ல ஒரு குழந்தை வீல்னு கத்திச்சே. நான் அதட்டிப் பாத்தேன், இன்னும் கத்திச்சு. நீ டிக்கெட்ல ஒரு கப்பல் செஞ்சு குடுத்த, கப்சிப். அது எனக்கு வராது."

கதவு ஒரு விரற்கடை திறந்தது. "நிஜமாவா?"

"கத்தாம சொல்றேன் பாரு. நிஜந்தான்."

"நீ ஒரு விசில் ஊதினா அவ்வளவு பெரிய பஸ்ஸே நிக்குது. எனக்குப் பெருமையா இருக்கும்மா."

இந்தத் தடவை காசு வேணுமா என்று அவர் கேட்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. மகள் தலைவாரி, பையோடு நின்றாள். அவளோடு படிக்கும் எதிர்வீட்டுப் பெண் வாசலில் தலையை நீட்டினாள்.

"ஏய், வீட்டுப்பாடம் முடிச்சியா? 'அப்பா அம்மாவுக்கெல்லாம் தன்னம்பிக்கையே இல்ல, தினமும் மூணு தடவை பாராட்டிட்டு வாங்க'ன்னு டீச்சர் சொன்னாங்களே, உங்கம்மா தேறினாங்களா?"

உங்கள் வீட்டிலும் திட்டுக்கு நடுவே தினமும் ஒரு நல்ல வார்த்தை விழட்டும், சாத்தின கதவெல்லாம் திறக்கட்டும், நல்லா இருங்க கண்ணுகளா.